நேற்று எப்படிப் போனது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதக் கடிதங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மாற்றம் இருக்கிறது. ஒருவருக்கு வேலை முடிந்திருக்கிறது, ஒருவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஒருவருக்குத் துணை போயிருக்கிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்த காலத்தில், வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரை என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்." மனசில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள்கூட நேற்றைய நாளைச் சொல்லிவிடுவார்கள். எந்த நேரம் காலியாகிவிட்டது, யாரோடு பேச்சு நின்றுபோனது, எப்போதிருந்து சாப்பாடு தப்புகிறது என்பதெல்லாம் அதிலேயே வந்துவிடும். கீழே உள்ள பதில்களையும் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

என் கணவர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து 60 வயதில் ஓய்வுபெற்றார். ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பகலில் சமையலறைக்குள் வந்து, எண்ணெய் ஏன் இவ்வளவு, கேஸ் ஏன் இப்படி எரிகிறது என்று குறை சொல்கிறார். வெளியே போய்விட்டு வாங்கள் என்றால் "எங்கே போக?" என்கிறார். முன்பு இப்படிக் கோபப்படுகிறவர் இல்லை. இது மனநோயா?
– வாசகி, கோவில்பட்டி

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல மாட்டேன். அவருடைய பழைய நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதல் டிரிப் என்றால் மூன்று மணிக்கு எழுந்திருப்பார். டிப்போவுக்குப் போய், டூட்டி பார்த்து, டிக்கெட் மெஷினையும் பையையும் வாங்கிக்கொண்டு வண்டி ஏறியிருப்பார். அப்புறம் நாள் முழுக்க ஆட்கள். தினமும் ஒரே நிறுத்தத்தில் ஏறுகிற டீச்சர், கூடையை மேலே தூக்கி வைக்கச் சொல்லும் பூக்காரம்மா, படியில் தொங்கும் பிள்ளைகள், சில்லறைக்குச் சண்டை போடுகிறவர். ராத்திரி கலெக்‌ஷனைக் கட்டி, கணக்குச் சரியாக இருந்தால் ஒரு நிம்மதி. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பேரிடம் பேசிய மனிதர் இப்போது உங்கள் ஒருவரிடம்தான் பேசுகிறார். ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்லியே பழகியவருக்கு, வீட்டில் கணக்குப் பார்க்க மிஞ்சியிருக்கும் இடம் உங்கள் சமையலறை. உங்களைப் புண்படுத்த வேண்டும் என்று அவர் அங்கே வருவதாக எனக்குத் தோன்றவில்லை.

வாழ்க்கை மாற்றங்கள் உடம்பையும் மனசையும் எவ்வளவு அலைக்கழிக்கின்றன என்று அமெரிக்காவில் ஹோம்ஸ், ராகே என்ற இரண்டு மருத்துவர்கள் 1967-ல் ஒரு பட்டியல் போட்டார்கள். 43 நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். துணையின் மரணம் 100. பணி ஓய்வு 45. நம் நாட்டில் 1984-ல் குர்மீத் சிங்கும் அவருடன் வேலை செய்தவர்களும் இங்கே உள்ள வாழ்க்கைக்கு ஏற்ப 51 நிகழ்வுகளோடு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அதில் மகள் கல்யாணம் உண்டு, தீர்த்த யாத்திரைகூட உண்டு. மாலை போட்டு, சால்வை போர்த்தி, வேன் வைத்து வீட்டில் கொண்டுவந்து விடுகிற நாளை நாம் விசேஷமாகக் கொண்டாடுகிறோம். மறுநாள் காலை அந்த மனிதர் என்ன செய்வார் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. ஓய்வுபெறும் ஆண்களுக்கு நம் ஊரில் நடக்கும் பெரிய அநியாயம் இது என்பேன்.

சரி, என்ன செய்யலாம்? மூன்று மணிக்கு எழுவதோடு சண்டை போடாதீர்கள். 30 வருடத்துக்கு மேல் பழகிய உடம்புக் கடிகாரம் ஓய்வூதிய உத்தரவைப் படித்துவிட்டுத் திரும்பாது. படுக்கிற நேரத்தையும் எழுகிற நேரத்தையும் நாலைந்து நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். எழுந்ததும் பளிச்சென்ற விளக்கு வேண்டாம், விடிகிற வரை மங்கலான விளக்கு போதும். மூன்று மணி வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை இன்னும் முன்னால்தான் தள்ளும். பகல் தூக்கம் அரை மணியைத் தாண்ட வேண்டாம். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நடை நடக்கட்டும். மாலை வெளிச்சம் தூக்கம் வரும் நேரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளும்.

"வெளியே போய்விட்டு வாங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் அவர் போக மாட்டார். போகிற இடமும் நேரமும் இருக்க வேண்டும், அவர் வரவில்லையே என்று கேட்கவும் ஆள் இருக்க வேண்டும். அதிகாலையில் எழுகிறவருக்கு உழவர் சந்தையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 1999-ல் மதுரையில் தொடங்கியது, இப்போது பல ஊர்களில் இருக்கிறது, விடியும்போதே கூட்டம் வந்துவிடும். ஒரு வாரக் காய்கறிக்குப் பணத்தைக் கையில் கொடுத்து, கணக்கையும் அவரிடமே விட்டுவிடுங்கள். கத்திரிக்காய் முற்றலாக வந்தாலும் அந்த மாதம் ஒன்றும் சொல்லாதீர்கள். கோயில் கமிட்டியிலோ சங்கத்திலோ வரவு செலவு எழுத ஆள் தேவைப்பட்டால் அவரைப்போல ஒருவர் கிடைப்பது அரிது. ஆனால் போய்க் கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். உங்கள் மகனோ தம்பியோ அவர்களிடம் முன்கூட்டியே பேசி, அவர்களே வந்து இவரைக் கூப்பிடும்படி செய்யலாம். பழைய டிரைவர் நண்பர் யாராவது இருந்தால் அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தங்கள் ரூட்டைப் பற்றி இரண்டு பேரும் பேசட்டும்.

இதோடு ஒரு முறை ரத்தப் பரிசோதனையும் வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, பி12 பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் மனச்சோர்வு போலவே தெரியும். வயதான ஆண்களுக்கு மனச்சோர்வு வரும்போது பல நேரம் அழுகை வராது. எரிச்சலாகவும் இடுப்பு வலியாகவும் "சாப்பாடு ருசிக்கலை" என்ற பேச்சாகவும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லை, எடை குறைகிறது, குடி புதிதாக வந்திருக்கிறது அல்லது கூடியிருக்கிறது, "நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்கிறார் என்றால் காத்திருக்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார், கட்டணமும் கிடையாது.

கடிதம் முழுக்க அவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். பகல் பொழுது உங்களுடையதாக இருந்தது அம்மா. பதினொரு மணிக்கு வேலை முடித்துக் கொஞ்சம் சாய்வது, பக்கத்து வீட்டுப் பேச்சு, உங்களுக்குப் பிடித்த சீரியல், எல்லாம் கலைந்திருக்கும். அதை அவருக்காக மொத்தமாக விட்டுக்கொடுக்காதீர்கள். "பதினொன்றிலிருந்து ஒன்று வரை எனக்கு வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உங்கள் பொழுதுக்குப் போங்கள்.

கல்யாணமாகிக் காரைக்குடியிலிருந்து பெங்களூரு வந்து மூன்று மாதம். கணவர் நல்லவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணியானால் அழுகை வருகிறது. அம்மாவிடம் சொன்னால் "நல்ல இடம் கிடைச்சும் அழுறியே" என்கிறார். நான் நன்றியில்லாதவளா?
– வாசகி, பெங்களூரு

இல்லை மகளே. மேலே சொன்ன 1967 பட்டியலில் கல்யாணத்துக்கு 50 மதிப்பெண். பணி ஓய்வைவிட அதிகம். நல்ல மாற்றமும் மாற்றம்தான். உங்களுக்கு ஒரே மாதத்தில் ஊர், வீடு, மொழி, படுக்கை, சாப்பாட்டு உப்பு எல்லாம் மாறியிருக்கிறது.

ஐந்து மணிக்கு உங்கள் காரைக்குடி வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கு எழுதவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். அப்பா கடையிலிருந்து வருவாரா, வாசல் தெளிப்பார்களா, தம்பி பள்ளிக்கூடப் பையை எறிவானா? அந்த வேளைதான் இங்கே காலியாக இருக்கிறது. பூட்டிய ஃபிளாட்டுக்குள் அந்த ஒரு மணி நேரத்தைக் கழிக்காதீர்கள். நாலே முக்காலுக்குக் கீழே இறங்கிக் காய் வாங்கப் போங்கள், காய்காரரிடம் ஒரு நாளைக்கு இரண்டு கன்னட வார்த்தை கேட்டு வாங்குங்கள். அல்சூர் போன்ற பகுதிகளில் காலங்காலமாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். வாரம் ஒரு நாள் அந்தப் பக்கம் போனால் காதில் தமிழ் விழும். கணவரிடம் "உங்கமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஊர் நினைப்பு வருகிறது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தன்னால்தான் அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

என் மனைவி புற்றுநோயில் இறந்து எட்டு மாதம். எனக்கு 58 வயது. சில நாள் அவள் நினைப்பே இல்லாமல் வேலை பார்க்கிறேன், பேரனோடு சிரிக்கிறேன். ராத்திரி அதை நினைத்தால் குற்றவுணர்ச்சி. சில நாள் பீரோவைத் திறந்து அவள் புடவைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறேன். சொந்தக்காரர்கள் "போதும், மறந்துட்டு ஆகுற வேலையைப் பாரு" என்கிறார்கள். மகள் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு சென்னைக்கு வரச் சொல்கிறாள். எது சரி?
– வாசகர், தஞ்சாவூர்

ஐயா, சிரித்த நாளும் சரி, பீரோ முன்னால் உட்கார்ந்த நாளும் சரி. இரண்டும் சேர்ந்ததுதான் துக்கம். துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, ஒவ்வொன்றாக ஏறி முடிக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-ல் அந்த ஐந்து நிலைகளைச் சொன்னது, தங்களுக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த நோயாளிகளைப் பற்றி. பின்னால் அதைத் துக்கப்படுகிறவர்கள் மேலும் ஏற்றிவிட்டார்கள். உங்கள் நிலையைச் சரியாகச் சொல்வது 1999-ல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியது என்று நான் நினைக்கிறேன். இழந்தவர் ஒரு பொழுது இழப்பின் பக்கம் போகிறார், இன்னொரு பொழுது அன்றாட வேலையின் பக்கம் வருகிறார், திரும்பவும் போகிறார். இந்தப் போக்குவரத்துதான் ஆறுவதற்கான வழி என்பது அவர்கள் கருத்து. ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டால்தான் கவலைப்பட வேண்டும். நாள் முழுக்கப் பீரோ முன்னால் உட்கார்ந்திருப்பதும் கஷ்டம், ஒரு நிமிடம்கூட நினைத்துவிடக் கூடாது என்று ஓடிக்கொண்டே இருப்பதும் கஷ்டம்.

பேரனோடு சிரித்ததற்காக உங்கள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அவர் இருந்திருந்தால் அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டிருப்பார்.

"மறந்துவிடு" என்று சொல்கிறவர்களுக்கு நான் எப்போதும் எதிர்ப்பக்கம். பதினாறாம் நாள் காரியம், மாதாமாதம் மாசியம், வருஷத் திதி என்று நம் பெரியவர்கள் ஒரு வருடம் முழுக்க நினைப்பதற்கென்றே நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த ஏற்பாட்டில் ஒரு நிதானம் உண்டு. இன்று நினைக்கலாம், நாளை வேலைக்குப் போகலாம் என்று அது அனுமதி தருகிறது. நீங்களும் வாரத்தில் ஒரு மாலையை அவருக்கென்று ஒதுக்குங்கள். புடவைகளை எடுத்துப் பாருங்கள், மகளைக் கூப்பிட்டு அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். எந்தப் புடவையை யாருக்குக் கொடுப்பது என்பதை உங்களுக்கு மனசு வரும்போது முடிவு செய்தால் போதும்.

மனைவி போன பிறகு ஆண்கள் தடுமாறுவதில் பாதி, வீடு எப்படி நடந்தது என்றே தெரியாததால் வருகிறது. கேஸ் புக் பண்ணுவது, பால் கணக்கு, தனக்கு எந்த மாத்திரை எப்போது, உறவில் யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன மொய், எல்லாம் அந்த அம்மா தலையில் இருந்திருக்கும். ஒரு நோட்டுப் போட்டு எழுதத் தொடங்குங்கள். ரசம், சாதம், ஒரு பொரியல் கற்றுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு அடுத்தவரை எதிர்பார்க்காத அந்தத் தெம்பு துக்கத்துக்கும் மருந்தாகும். மகளிடம் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள். வீட்டை விற்கிற பேச்சை வருஷத் திதி முடிகிற வரை எடுக்க வேண்டாம் என்று அவளிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள். கடன் போன்ற நெருக்கடி இல்லாதபோது முதல் வருடத்தில் வீடு, நிலம், ஊர் எதையும் விடக் கூடாது என்பது என் அனுபவம். விட்டுவிட்டுப் பின்னால் ஏங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வருடம் தாண்டியும் எந்த வேலையும் ஓடவில்லை, அவர் போனதையே மனசு ஏற்கவில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது என்றால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. நீடித்த துக்கம் என்று மருத்துவ நூல்களிலேயே தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். இப்போதைக்கு உங்கள் கடிதத்தில் அது தெரியவில்லை.

நான் இரண்டாவது தடவை நீட் எழுதப் போகிறேன். நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். அப்பா கடன் வாங்கித்தான் சேர்த்தார். புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. சில ராத்திரி, இல்லாமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. யாரிடமும் சொல்லவில்லை.
– மாணவர், தருமபுரி மாவட்டம்

தம்பி, கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அதை எழுதியது நல்ல காரியம். அடுத்து அதை வாயால் ஒருவரிடம் சொல்ல வேண்டும், இன்றைக்கே. 14416-க்கு அடித்தால் 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், பணம் கிடையாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்கென்றே இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. அந்த நினைப்பு வருகிற ராத்திரியில் தனியாக இருக்காதே. அறையில் இருக்கும் ஒருவனை எழுப்பு, வார்டனை எழுப்பு. அவர்கள் தூக்கம் கெடுவதைப் பற்றி யோசிக்காதே. உடனே ஏதாவது செய்துவிடுவேன் என்று தோன்றினால் அவர்களோடு நேராக மருத்துவமனைக்குப் போ, அல்லது 108-ஐக் கூப்பிடு.

அப்பாவிடம் சொல்ல உனக்குப் பயம். கடன் வாங்கியவர் உடைந்துவிடுவார் என்று நினைக்கிறாய். தேர்வு போனதைத் தாங்கிக்கொண்ட அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளை சொல்லாமல் வைத்திருந்ததைத் தாங்க முடியாமல் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நேரில் வராவிட்டால், உன் கடிதத்தில் எழுதிய அதே நாலு வரியை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

படபடப்புக்கு: அது உச்சத்துக்குப் போய்ப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானே இறங்கும். ஆபத்து என்று நினைத்துப் புத்தகத்தை மூடி ஓடினால் அடுத்த தடவை சீக்கிரமே வரும். மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்து, நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தில் இரண்டு கேள்வி மட்டும் போட்டுப் பார். ஆறு மணி நேரமாவது தூங்கு, ஏழு என்றால் இன்னும் நல்லது. படித்தது மனசில் பதிவதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு. கட்ஆஃப் பேச்சு மட்டுமே ஓடும் டெலிகிராம் குழுக்களிலிருந்து வெளியே வா.

இந்தத் தடவை வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதை இப்போதே அப்பாவோடு உட்கார்ந்து எழுதி வை. ரிசல்ட் வாரம் அதற்கான நேரமில்லை. கால்நடை மருத்துவம், நர்சிங் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் வைத்தே இடம் கிடைக்கிறது. ஒரு வாசல்தான் இருக்கிறது என்ற நினைப்புதான் ராத்திரியில் கழுத்தை நெரிக்கிறது.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை சோர்ந்திருந்தால் "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால் இறக்கி வைக்க இடம் கிடைக்கும். விவசாய வீடுகளில் பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் அதைப் பொது இடத்தில் பூட்டுப்பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் சினேகாவினர் செய்து பார்த்தார்கள், மக்களும் ஏற்றுக்கொண்டார்கள். நெருக்கடியான எண்ணம் பல நேரம் சிறிது பொழுதில் வந்து போவது. அந்தப் பொழுதில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் உயிர் தப்பும்.

குழந்தை பிறந்து ஏழு வாரம். அம்மா வீட்டில் இருக்கிறேன். எல்லாரும் குழந்தையைக் கொஞ்சுகிறார்கள், எனக்கு எதுவும் தோன்றவில்லை. குழந்தை தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் நல்ல தாய் இல்லையோ?
– வாசகி, புதுக்கோட்டை

பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிப் பேருக்கு மேல் நடப்பது, தானே அடங்கும். ஏழு வாரமாகியும் இப்படி இருந்தால் அது மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். ரத்த சோகையைப்போல அதுவும் ஒரு உடல்நிலை. தாய்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராதது நான் கவனமாகக் கேட்டுக்கொள்ளும் அடையாளம்.

இந்த வாரமே பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். இந்த மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவாக்கிய 10 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, தமிழிலும் உண்டு. சில நிமிடத்தில் போட்டுவிடலாம். ஹீமோகுளோபின், தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து தேவைப்பட்டாலும் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

உங்கள் அம்மாவிடம் இந்தப் பகுதியைக் காட்டுங்கள். அம்மா, ராத்திரியில் தொடர்ந்து நாலைந்து மணி நேரம் குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டு மகளைத் தூங்க விடுங்கள். குழந்தை பார்க்க வருகிறவர்களைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். "நாங்களெல்லாம் பெத்து வளக்கலையா" என்பதை மட்டும் சொல்லாதீர்கள். காதில் குரல் கேட்கிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், குழந்தைக்கோ தனக்கோ ஏதாவது செய்துவிடுவேன் என்கிறாள் என்றால், மந்திரிக்க அழைத்துப் போகாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்கு 47 வயது. இரண்டு பிள்ளைகளும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்து விழிப்பு வருகிறது. அக்கா கொடுத்த அல்பிரசோலம் பாதி மாத்திரையில் தொடங்கி ஒரு வருடமாகப் போடுகிறேன். இப்போது அது இல்லாமல் தூக்கமே இல்லை. நிறுத்திவிடட்டுமா?
– வாசகி, ஈரோடு

நிறுத்த வேண்டும், ஆனால் நாளைக்கே நிறுத்தக் கூடாது. ஒரு வருடம் போட்டதைச் சட்டென்று விட்டால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பே வரலாம். மருத்துவர் சொல்கிற அளவில் வாரக்கணக்கில் குறைக்க வேண்டும். இந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கட்டுப்பாடு அதிகமுள்ள மருந்துகளின் எச்1 பட்டியலில் இருப்பதால் வாங்கியவர் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒருவர் மாத்திரையை இன்னொருவர் பாதி உடைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பாசமாக நடக்கிறது. இதில் மட்டும் வேண்டாம்.

வியர்வையோடு விழிப்பது மாதவிடாய் நிற்கும் காலத்து அறிகுறியாகத் தெரிகிறது. நம் நாட்டில் அது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. மகப்பேறு மருத்துவரிடம் சொன்னால் அதற்கே தனியாக மருந்து உண்டு. தூக்கத்துக்கு, மாலை நாலு மணிக்கு மேல் காபி வேண்டாம். விழித்து இருபது நிமிடம் புரண்டால் படுக்கையை விட்டு எழுந்து வேறு அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், தூக்கம் கண்ணைச் சொக்கும்போது திரும்புங்கள். என்ன ஆனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் படிந்துவிடும்.

மனநல மருத்துவரிடம் போனால் வெளியே தெரிந்து, தங்கை கல்யாணம் தடைபடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மாத்திரையை ஆயுள் முழுக்கப் போட வேண்டுமாமே?
– வாசகர், சேலம்

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவு, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. மற்ற உடல் நோய்களைப்போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. சிகிச்சை எடுக்காமல் வீட்டில் அடைந்து கிடந்தால்தான் ஊருக்குச் சீக்கிரம் தெரியும். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் "பலனில்லை" என்று விடாதீர்கள். முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், குணமான பிறகும் ஆறிலிருந்து ஒன்பது மாதம் போட்டுவிட்டு மருத்துவர் மெதுவாகக் குறைப்பது வழக்கம். ஆயுள் முழுக்க என்பது எல்லாருக்கும் இல்லை.

அரசு மருத்துவமனை என்றால் காலை ஓ.பி. நேரத்துக்கே போய்விடுங்கள். உங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருவரை அழைத்துப் போங்கள். இப்போது போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதிருந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வேலைக்குப் போக முடிகிறதா என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் மருத்துவருக்கு உங்களிடம் பேசக் கிடைப்பது சில நிமிடம். அந்தத் தாளைக் கொடுத்துவிட்டால் அந்த நிமிடங்கள் வீணாகாது.